தொள்ளாயிரம் டிகிரியில்

“கட்டுரையிலருந்து அந்தப் படத்தை நீக்கிடுங்க, ஹம்சா,” என்றார் துறைத்தலைவர் ஜெயராம்.

“மாட்டேன் சார்.”

அடையாறு ஆய்வுக்கூடத் திரையில், விமான இன்ஜினுக்கான டைட்டானியம் அலுமினைடு உலோகத்தின் நுண்ணோக்கிப் படம் தெரிந்தது. தொள்ளாயிரம் டிகிரி சூட்டில் அழுத்தியதும் அதன் மெல்லிய அடுக்குகள் வளைந்து, உடைந்து, உருண்டை மணிகளாகியிருந்தன.

“அந்தச் சூட்டுலயும் அடுக்கு கலையாதுன்னு இருபது வருஷமா உலகமே நம்புது!”

“உலகம் நம்பினா உலோகம் கேக்குமா?”

“அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் நாளைக்கு விருது. இப்பப் போய்த் தப்புன்னா மானம் போயிடும்.”

“போகட்டும். திரும்பத் திரும்பச் சோதிச்சாச்சு. படம் வெளியே வரும்.”

ஜெயராம் பெருமூச்சு விட்டார். “சரி, நாளைக்கு மேடையில உங்க கையில விருதைக் கொடுக்கும்போது என்ன சொல்வீங்க?”

“நான் கண்டுபிடிச்சது தப்புன்னு சொல்லிட்டு, இந்தப் படத்தைக் காட்டுவேன்.”