துண்டுக்குள் பேசிய சம்பளம்

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரரைக் கையோட டெல்லிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

குரங்கணி ஏலத்தோட்டத்தில் ஜீப்பை விட்டு இறங்கியதுமே ஜெனரல் இப்படிச் சொன்னார். மாயக்காள் கொண்டுவந்த காப்பி டம்ளரை நீட்டாமல் திண்ணையிலேயே வைத்துவிட்டாள்.

கர்னல் உக்கிரபாண்டி 1976இல் ஓய்வு பெற்று வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம், அவளுக்குப் புருஷன் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் லீவுதான்.

ஜெனரல் அவருடைய பழைய மேலதிகாரி. இப்போது பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கும் கம்பெனியில் ஆலோசகர்.

"அந்த பூட்ஸை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானேண்ணே?"

"நானேதான்."

"நேத்து வாங்குனவுக இன்னிக்கு விக்கிறீகளா? எங்க போடி ஏலக்கா ஏவாரிகூட ஒருநாள் விட்டுத்தான் கட்சி மாறுவான்."

உக்கிரபாண்டி கண்ணாலேயே அதட்டினார். ஜெனரலோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"உள்ளதுதான் தங்கச்சி. போன மாசம் கொள்முதல் ஆபீசுக்குப் போனேன். என்கிட்ட இருந்த பையன்தான் அங்க மேஜர். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு சல்யூட் அடிச்சான். நான் பையில இருந்து பூட்ஸை எடுத்தேன். அடிச்ச கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சான், பாவம்."

"இவருக்கு அங்க என்ன சோலி?"

"அதே சோலிதான். தெரிஞ்ச பையன்களைப் பாக்கணும், பேசணும். கார், பங்களா எல்லாம் உண்டு. ரெண்டு வருஷம் கம்பெனி எதுலயும் சேரக் கூடாதுங்கிற தடையும் இந்த மாசத்தோட முடியுது."

மாயக்காள் அடுப்படிக்குப் போனாள். கோழிக்குழம்பில் உப்புப் போட்டோமா என்பதே நினைவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். ஏலச்செடிகளுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். ஜெனரல் களத்தில் உலர்ந்த காயை அள்ளி அள்ளி மோந்து பார்த்தார்.

சாப்பாட்டில் அவர் மூன்று தடவை சோறு வாங்கினார். வந்த காரியம் பலித்த தெம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

கை கழுவியதும், "அப்ப சம்பளத்தைப் பேசிருவோமா?" என்றார் ஜெனரல்.

"எங்கூர்ல அதை வாயால பேசுறதில்ல சார். கையைக் கொண்டாங்க."

உக்கிரபாண்டி தோள்துண்டை உதறி இருவர் கைமேலும் போட்டார். போடியில் மூட்டைக்கு விலை பேசுகிறவர்கள் போல, துண்டுக்கடியில் விரல் விரலைப் பிடித்தது. ஜெனரல் கூச்சத்தில் நெளிந்தார். உக்கிரபாண்டி தலையை ஆட்டினார். மறுபடியும் விரல் பேசியது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"முடிஞ்சுது," என்றார் ஜெனரல். "ஒண்ணாந்தேதி சேந்துர வேண்டியதுதான்."

இனி மறுபடியும் லீவுக்கு வரும் புருஷன்தான் என்று தோன்றியது மாயக்காளுக்கு. இருந்தாலும் பட்டாளத்துக்காரர் பெண்டாட்டி. பீரோவைத் திறந்து கம்பளி ஸ்வெட்டரை எடுத்துவந்தாள்.

"டெல்லிக் குளிருக்கு இது காணுமாங்க?"

"டெல்லிக்கு யாரு போறா? அதைச் சாருக்குக் குடு," என்றார் உக்கிரபாண்டி. "ஒண்ணாந்தேதியில இருந்து நம்ம தோட்டத்துக்கு அவருதான் மேனேஜரு."