தாடை இறுக்கம்

தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து ரெஜினாவுக்குக் குரலே கிடையாது. ஆனால் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டால், அதே போன்ற பட்டையோடு எங்கோ ராக் இசை பாடிப் பழகுபவரின் தொண்டை அவளுடைய தொண்டைக்குள் அசையும். அதில் தட்டுப்படும் குறைகளை எழுதி அனுப்புவதுதான் அவள் வேலை.

அப்படிப் பழகுபவர்களில் ஒருவனான பேருந்து ஓட்டுநர் இளம்பரிதிக்கு ஆறு மாதமாகத் தாடை இறுக்கம்தான் தொல்லை. இன்று அவன் உச்சத்தில் அலறியபோது எதுவும் இறுகவில்லை. கரகரத்த குரல் அவள் நெஞ்சிலிருந்தே கிளம்பி, வெயிலில் இலவம்பஞ்சு பறப்பதுபோல் மேலே மேலே போயிற்று. பாட்டு முடிந்த பிறகும் அவள் வாய் திறந்தே இருந்தது.

“சரியா வந்துருச்சுல்லக்கா? இனி நானே பாடிக்குவேன். நீங்க ஓகேன்னு மட்டும் போட்டுருங்க.”

ஓகே என்று எழுதினாள். அழித்தாள்.

“தாடை இன்னும் கொஞ்சம் இறுகுது தம்பி. நாளைக்கும் பாடுங்க.”