நாற்பத்து மூன்றாவது மேற்கோள்

ஆய்விதழ் அலுவலகத்தில் பிரதி திருத்தும் அம்மையார் மூன்றாவது முறையாகச் சிவப்புப் பேனாவை எடுத்தபோது விரிவுரையாளருக்குப் பொறுமை போய்விட்டது. அன்று மாலைக்குள் துணைநூற்பட்டியல் தேறாவிட்டால் கட்டுரை இந்த இதழில் வராது. இந்த ஆண்டுப் பதவி உயர்வும் தள்ளிப்போகும்.

"கமா, புள்ளி எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே வச்சுட்டேனே மேடம். இன்னும் என்ன குறை?"

"அடுக்கினதுல குறையே இல்ல. நாற்பத்து மூணாவதை மட்டும் எடுத்துடுங்க."

"அதை எடுத்தா என் கட்டுரைக்கு இடுப்பே ஒடிஞ்சுடும். கிணத்துத் தண்ணி பத்தி அதைவிட நல்ல ஆய்வு கிடையாது."

"அதுல அளந்த கருவியே தப்பு. யாரும் கண்டுபிடிக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு, எழுதினவங்களே இதழுக்குக் கடிதம் போட்டுக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க."

"யாருமே கேக்காததை வலியப் போய்ச் சொன்னாங்களா? அப்புறம் அவங்க வேலை?"

"போயிடுச்சு. கொஞ்ச நாள்ல வேற வேலை கிடைச்சுது."

"என்ன வேலை?"

அம்மையார் பேனாவை மூடினார். "மத்தவங்க பட்டியலைச் சரிபார்க்கிற வேலை."

விரிவுரையாளர் நாற்பத்து மூன்றாவது வரியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அம்மையாரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாமே அந்த வரியை அடித்துவிட்டுத் தாள்களை அள்ளிக்கொண்டார்.

"கட்டுரை அடுத்த இதழ்லயே வரட்டும் மேடம். தண்ணியை நானே அளந்துட்டு வரேன். இங்க அடிச்ச பேரை நன்றியுரையில சேர்த்துக்கலாமா?"

"சேர்த்துக்குங்க. இனிஷியலுக்குப் பின்னால புள்ளி வைக்க மறந்துடாதீங்க."