ஐந்து குழாய் ரத்தம்

ஆறுச்சாமி பஸ் ஏறிவிடக் கூடாது. மூன்று மாடிப் படிகளைத் தாவி இறங்கும்போது கிருபாவின் மண்டைக்குள் ஓடியது அந்த ஒரு நினைப்புதான்.

காலையில் எடுத்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு இப்போதுதான் வந்திருந்தது. இதயம் திணறத் தொடங்கினால் ரத்தத்தில் கூடிக்கொண்டே போகும் ஒரு புரதம். அது பயப்படுகிற அளவுக்கு ஏறிக் கிடந்தது. இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அதேதான் வந்தது.

கிருபா வேலை பார்க்கும் இதய ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, அட்டையும் எண்ணும்தான். இதய நோயாளிக்குச் சிவப்பு அட்டை, ஐந்து குழாய் ரத்தம். அதே வீட்டில் அதே சோற்றைத் தின்று நோயில்லாமல் இருப்பவருக்குப் பச்சை அட்டை, ஒரு குழாய். பெரும்பாலும் மனைவிமார்தான் பச்சை.

ஆபத்து என்றால் மட்டும் பெயரைத் திறக்கலாம். பேராசிரியர் லட்சுமிநாராயணன் திறந்து பார்த்துச் சொன்னார். சிவப்பு அட்டை, கிணத்துக்கடவு ஆறுச்சாமி. காலையில் மனைவி மாரியாத்தாளோடு வந்திருந்தவர்.

அவருடைய போன் அணைந்து கிடந்தது.

போன மாதம் இப்படித்தான் ஒருவரைத் தவறவிட்டார்கள். மறுநாள் போனை எடுத்தவரின் குரலுக்குப் பின்னால் சாவு மேளம் கேட்டது. கிருபாவுக்கு அதற்கப்புறம் சரியான தூக்கமே இல்லை.

வாசலைத் தாண்டி ஓடினாள். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. நிறுத்தத்தில், அவர் ஊருக்குப் போக ஏற வேண்டிய உக்கடம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஐயா, ஏறாதீங்க!"

ஆறுச்சாமி ஒரு காலைப் படியில் வைத்து, இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவிக்காகப் பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார். மாரியாத்தாள் இன்னும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கிருபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதய நோயாளியைச் சுமக்கவிட்டுவிட்டு இந்த அம்மா நோகாமல் உட்கார்ந்திருக்கிறாரே!

பஸ் போய்விட்டது. பைகளை வாங்கிக் கீழே வைத்தாள். அவரை உட்காரவைத்து, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும் என்று சொன்னாள். ரத்தத்தில் வந்திருக்கும் அளவு நல்லதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் முகம் செத்துப்போனது. "எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாரியாத்தாள் மெல்ல எழுந்து கிருபாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள். அந்த முகத்தில் பயத்தைக் காணோம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. அட்டையை நான்தானுங்க மாத்திப்போட்டேன். ஊசி குத்திக் குத்தி அவரு கையெல்லாம் கன்னிப்போச்சு. இன்னும் அஞ்சு குழா உருவுனா மனுசன் தாங்குவாருங்களா? எனக்கென்னங்க, கல்லாட்டமா இருக்கறேன். நீங்க சொல்றது என்ற ரத்தமுங்க. அவருக்கு ஒண்ணுமில்லீங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

அதே வீட்டுப் பச்சை அட்டையின் அளவு கிருபாவுக்கு ஞாபகம் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத எண். அதுதான் ஆறுச்சாமியின் ரத்தம். மருந்து அவரைத் தேற்றிவிட்டிருக்கிறது. அதற்குச் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை.

அடுத்த பஸ் தூரத்தில் திரும்பியது. ஆறுச்சாமி எழுந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் வெவரம் சொல்லிப்போட்டேனே" என்றாள் மாரியாத்தாள். "பின்ன எதுக்குங்க கண்ணு, என்ற கையை உடமாட்டேங்கறீங்க?"