இரண்டாவது அழைப்பு

தனியாக வாழ்பவர் காலையில் ஃபோனில் ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால், அவர் உறவினருக்கு அழைப்பு போகவேண்டும். பிஷ்கெக்கில் ஜிபார்குல் எழுதிக்கொண்டிருந்த நிரல் அதுதான். சோதனையில் யார் வீட்டு ஃபோனும் அடித்துவிடக்கூடாது என்று நிஜ அழைப்புக்குப் பதில் ஒரு போலியை வைத்திருந்தாள். அது யாரையும் கூப்பிடாது. எந்த எண்ணை எத்தனை முறை கூப்பிடச் சொன்னார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளும்.

ஒருமுறை என்று எதிர்பார்த்தாள். இரண்டு முறை என்றது.

முதல் எண் அவளே கற்பனையாகக் கொடுத்தது. இரண்டாவது, போன வருஷம் இறந்துபோன அண்ணன் தாலாயுடையது. நிரலில் எங்கு தேடியும் அந்த எண் இல்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதோடயாக்கா மல்லுக்கட்டுறீங்க?" என்றான் பக்கத்து மேசை உலான். "ஒண்ணை ரெண்டுன்னு மாத்திட்டுக் கிளம்புங்க. போலிதானே, யாருக்குப் போயிடப்போகுது?"

எதிர்பார்க்கும் எண்ணிக்கையை இரண்டு என்று மாற்றினாள். சோதனை தேறியதாகத் திரை பச்சை காட்டியது.

பஸ்ஸில்தான் நினைவு வந்தது. தனியாக வாழும் அவளும் அந்த நிரலைத் தன் ஃபோனில் போட்டிருந்தாள்; அன்று காலை பொத்தானை அழுத்தவில்லை. உறவினர் என்ற இடத்தில் போட ஆளில்லாமல் காலியாகவே விட்டிருந்தாள்.

பூட்டிய வீட்டைத் திறந்தாள். சமையலறை மேசையில் அண்ணனின் நீலக் கிண்ணம் இருந்தது. பக்கத்தில் தேநீர்க்கெண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் ஊரில், கிளம்பட்டும் என்று நினைக்கும் விருந்தாளிக்குத்தான் தேநீரைத் தளும்ப ஊற்றுவார்கள். ஜிபார்குல் கிண்ணத்தின் அடி மறையும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.