மாடிக்கு ஒரு கேக்

ஏரிக்கரையில் அந்தக் கீழ்வீட்டுக்குக் குடிவந்த மாதமே எனக்குத் தூக்கம் போயிற்று. மாடி வீட்டுப் பிள்ளைகள் என் தலைக்கு மேல் திமுதிமுவென்று ஓடினார்கள். விடியுமுன் ரயிலுக்கு ஓடி, இருட்டியபின் திரும்புகிறவர்களின் ஊர் இது. மாடிக்காரர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"பேசாம வீட்டைக் காலி பண்ணிடலாம்னு பாக்கறேன் சார்."

"எந்த வீடு?"

"ஏரியைப் பாத்த மாதிரி, நீல கேட் போட்ட வீடு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க. சண்டையும் வேண்டாம். ஒரு கேக் செஞ்சு மாடிக்குக் கொடுத்தனுப்புங்க."

மனைவி முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிரவு மாடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கேக் தீர்ந்ததும் மறுபடி ஆட்டம்.

"வாரா வாரம் கொடுங்க சார்" என்றார் ரயில் நண்பர்.

கொடுத்தோம். பிள்ளைகள் பூனை மாதிரி நடந்தார்கள். நான் ஏரிக் காற்றில் குறட்டை விட்டேன். இப்பேர்ப்பட்ட மேதையைச் சும்மா விடலாமா? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். மனிதர் வழிகூடக் கேட்கவில்லை.

மணி அடித்தது. திறந்தால், வெறுங்காலோடு நிற்கிறார்.

"வாங்க, வாங்க. செருப்பு எங்க சார்?"

"மாடியிலேயே விட்டுட்டேன்" என்றவர், கழுவித் துடைத்த எங்கள் கேக் டப்பாவை நீட்டினார். "அடுத்த வாரம் முந்திரி கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க."