முப்பத்தொன்பது பைகள்

முதல் மரக்கன்றின் அடியில் பை இல்லை.

அக்கா கையை மண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டுத் துழாவினாள். ஈர மண், ஒரு கூழாங்கல், நூல் மாதிரி வேர். பிளாஸ்டிக் தட்டுப்படவில்லை. மண்ணை மூடி உள்ளங்கையால் அழுத்தினாள்.

“ஒண்ணு,” என்றாள்.

தண்டு சாயாமல் பிடித்துக்கொண்டிருந்த தங்கை பிடியை விட்டாள். அடுத்த கன்றுக்கு நகர்ந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஓடைக்கரையில் நாற்பது கன்றுகளை நட்டது இவர்கள் இருவரும்தான். ஓடையைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுவில் தனித்தனியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி கொடுத்தது மற்றவளுக்குத் தெரியாது. பட்டியலில் ஒரே தகப்பன் பெயரைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர், நல்லது செய்வதாக நினைத்து இருவரையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டார். அக்கா குழி வெட்டினாள். தங்கை வேரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டுக் கன்றை இறக்கினாள். நாற்பது கன்றுக்கும் சேர்த்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

கிழித்த பைகளைச் சாக்கில் கட்டி அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள். கழுவிக் காயவைக்கும்போது எண்ணினாள். மருந்துக் கடையில் பத்தொன்பது வருஷமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள். அவள் கையில் ஒரு மாத்திரை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

முப்பத்தொன்பது.

சாக்கை உதறிவிட்டு மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்பதுதான்.

அப்படியென்றால் ஒரு கன்று பையோடு மண்ணுக்குள் போயிருக்கிறது.

பையோடு நட்ட கன்று உடனே வாடாது. தொல்லையே அதுதான். ஒரு வருஷம் வரைக்கும் பச்சையாகவே நிற்கும். வேர் மட்டும் வெளியே போக வழியில்லாமல் தன்னையே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். பிறகு என்றோ ஒரு நாள் சாதாரணக் காற்றுக்குச் சாய்ந்துவிடும்.

ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னாள். நாற்பதில் ஒன்று போனால் ஓடை கோபித்துக்கொள்ளாது, விட்டுவிடுங்கள் என்று சிரித்தார். அவளால் விட முடியவில்லை. நட்டது தன் வரிசை. நாற்பது என்றால் நாற்பது.

தண்டைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும், ஞாயிறு காலை ஏழு மணிக்கு யாராவது வருவீர்களா என்று குழுவின் வாட்ஸப்பில் எழுதினாள். பன்னிரண்டு பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள். வந்தது ஒருத்திதான்.

அக்கா எண்ணினால் சரியாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மழைக்கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் ஊன்றியிருந்த குச்சியில் மாட்டினாள் தங்கை.

இருவரும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம். அம்மா போனபின் வீட்டைக் காலிசெய்த நாளில், தையல் மெஷின் யாருக்கு என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், திரும்ப எடுக்க முடியாத வார்த்தைகளில் முடிந்தது. மெஷின் அக்கா வீட்டில் துணி போர்த்திக் கிடக்கிறது. அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. தங்கையின் நம்பரை அவள் அழிக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை.

ஏழாவது கன்றில், கையுறை போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தங்கை கேட்டாள். போட்டால் பை இருப்பது விரலுக்குத் தெரியாது என்றாள் அக்கா.

பத்தாவதில், தங்கை ஓட்டும் பள்ளிப் பேருந்தில் தினமும் ஒற்றைச் செருப்போடு இறங்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு வந்தது. பதினாலாவதில் அக்காவின் முழங்கால் வலி. பதினெட்டாவதில் இருவரும் ஒரே நேரத்தில் ஒருங்கிணைப்பாளரின் தொப்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கன்று சாய்ந்துவிட்டது. திரும்ப நிமிர்த்தி மண் அணைக்க வேண்டியிருந்தது.

இருபத்துமூன்றிலும் பை இல்லை.

தூறல் ஆரம்பித்தது. அக்கா நிறுத்துவதாக இல்லை. இன்னும் பதினேழில் ஏதோ ஒன்று உள்ளே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கிறது.

தங்கை குச்சியிலிருந்த மழைக்கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

“மாட்டிக்கோ. அப்புறம் ஒரு வாரம் தும்மிக்கிட்டே மாத்திரை எண்ணுவே.”

அக்கா கோட்டை மாட்டிக்கொண்டாள். கை துடைக்கத் துணி இருக்குமா என்று பாக்கெட்டில் விரலை விட்டாள்.

பிளாஸ்டிக் தட்டுப்பட்டது.

பாதி வெளியே இழுத்துப் பார்த்தாள். கறுப்புப் பை. பக்கவாட்டில் நேராகக் கிழித்திருந்தது. உள்ளே காய்ந்த மண். மூலைக்கு மூலை சேர்த்து நாலாக மடித்திருந்தது. சின்ன வயதில் மிட்டாய்த் தாளைக்கூட தங்கை இப்படித்தான் மடித்து வைப்பாள்.

தங்கை இருபத்துநாலாவது கன்றின் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அக்கா பையைப் பாக்கெட்டின் அடிவரை தள்ளினாள். மேலே பட்டனைப் போட்டாள். வந்து எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து மண்ணை விலக்கினாள். முந்தைய எந்தக் கன்றுக்கும் துழாவாத அளவுக்கு, சுற்றிலும், நிதானமாகத் துழாவினாள். மூடினாள். அழுத்தினாள்.

“பதினொண்ணு,” என்றாள்.

தங்கை தலையைத் தூக்கினாள். பார்வை கோட்டின் பாக்கெட்டுக்குப் போய், பட்டனில் கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது.

“ஆமா,” என்றாள். “இன்னும் இருபத்தொம்பது இருக்கு.”